சக்கரம் நிற்கும் இடம்

நுழையும்முன்

ஆபத்து எங்கு நேர்ந்தாலும் உதவி ஓர் ஊர்தியில் ஏறி வந்துவிடும் என்னும் நம்பிக்கை இக்காலத்து மனிதருக்கு உண்டு. நகரத்துத் தெருக்களில் அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. மலையோ அதனைச் சோதித்துப் பார்க்கும் இடம். சாலை முடிந்து பாதை தொடங்கும் இடத்தில், பாதை முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், உதவி எவ்வாறு சென்று சேர்கிறது? செஞ்சிக் கோட்டையின் படிகளில் தொடங்கி அவ்வினாவிற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

தடுப்பதற்கென்றே கட்டிய மலை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்போர்க்குச் செஞ்சி நெருங்குவதை முதலில் அறிவிப்பவை பாறைகளே. யாரோ அள்ளிக் குவித்தாற்போன்ற பெரும்பாறைகளால் ஆன குன்றுகள் சாலையின் இருபுறமும் எழுகின்றன. அவற்றுள் இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்றையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்திற்கு மதில் ஓடுகிறது. மூன்றனுள் உயர்ந்தது இராசகிரி. ஏறத்தாழ 800 அடி உயரம் உடையது.

உயரத்தைக் கொண்டு நோக்கினால் இது சிறிய மலைதான். ஆயினும், மேலேறும் எதனையும் தடுத்து நிறுத்த வேண்டும் என்னும் ஒரே நோக்கத்துடன் பல தலைமுறையினர் இம்மலையைச் செதுக்கினர். வாயிலுக்குப் பின் வாயில், வளைவிற்குப் பின் வளைவு, உயரம் ஒன்றுக்கொன்று ஒவ்வாத படிகள் எனப் பாதை செல்கிறது. உச்சியை அடையும் முன்னர்ப் பாறையே பிளந்து நிற்கும் ஆழமான வெடிப்பு ஒன்று குறுக்கிடுகிறது. ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட அவ்வெடிப்பின்மேல் பாலம் ஒன்று இடப்பட்டிருந்தது. அப்பாலத்தை அகற்றிவிட்டால், அப்பால் நிற்கும் சில வீரர்களே பெரும்படை ஒன்றைத் தடுத்துவிட முடியும்.

வரலாறு இதற்குச் சான்று கூறுகிறது. மராத்திய மன்னர் இராசாராம் இக்கோட்டையில் இருந்த காலத்தில், 1690இல் முகலாயப் படை இதனை முற்றுகையிட்டது. யானையும் குதிரையும் பீரங்கி வண்டியும் கொண்ட அப்படை 1698வரை காத்திருக்க நேர்ந்தது. மாறாக, 1750ஆம் ஆண்டு செப்டம்பரில் புஸ்ஸி என்னும் தளபதியுடன் வந்த பிரெஞ்சுப் படையினர் இருளில் நடந்தே ஏறி ஒரே இரவில் கோட்டையைக் கைப்பற்றினர். முன்னதன் தாமதத்திற்கும் பின்னதன் விரைவிற்கும் அரசியல் காரணங்கள் பல உண்டு. எனினும், மலை ஓர் உண்மையை அன்றே உணர்த்திவிட்டது. மலையில் வண்டியின் வலிமை அடிவாரத்தோடு முடிகிறது. அதற்குமேல் செல்வது மனிதனின் கால்.

போர்கள் ஓய்ந்துவிட்டன. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராத்தியர் காலத்து இராணுவ நிலப்பரப்பு என்னும் தொகுதியில் அடங்கிய பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது இஃது ஒன்றே. படைவீரர் ஏறிய படிகளில் இன்று பள்ளி மாணவரும் முதியோரும் கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மாரும் ஏறுகின்றனர்.

சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும் நண்பகல் ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். உச்சியை நெருங்கிய முதியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். உடனிருப்போர் 108ஐ அழைக்கின்றனர். ஆம்புலன்ஸ் விரைந்து அடிவாரம் வந்து சேர்கிறது. அங்கே அதன் சக்கரம் நின்றுவிடுகிறது. பகைவரைத் தடுப்பதற்கெனக் கட்டிய அதே படிகளும் வளைவுகளும் வெடிப்பும் இப்போது உதவியைத் தடுத்து நிற்கின்றன. கோட்டைக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது. அடிவாரத்திற்கும் அம்முதியவருக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு தொலைவைக் கடப்பது எப்படி என்பதே மலைமீட்புக் கலையின் தலையாய வினா.

சாலை முடியும்வரை

மலையில் ஒருவரைக் காப்பாற்ற எந்த ஒரு தனி ஊர்தியும் போதாது. சங்கிலியின் கண்ணிகளைப்போல ஊர்திகள் பல ஒன்றையொன்று தொடர வேண்டும். தார்ச்சாலையில் ஆம்புலன்ஸ் ஓடும். சாலை கரடுமுரடாகி மண்பாதையாக மாறும்போது, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் ஜீப் தேவைப்படும். இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும் வண்டியில் அவ்விரண்டும் சேற்றில் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். நான்கிற்கும் விசை செல்லும்போது, பிடிப்புள்ள சக்கரம் வண்டியை முன்னே தள்ளும். ஜீப்பும் நுழைய முடியாத ஒற்றையடிப் பாதையில் இருசக்கர வண்டி நுழையும்.

அத்தகைய இருசக்கர வண்டி ஒன்று தனி மனிதர் ஒருவரின் தொண்டால் நாடறிந்ததாயிற்று. மேற்கு வங்க மாநிலம் ஜல்பைகுரி மாவட்டத்தில், இமயமலை அடிவாரத்துத் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்தவர் கரீமுல் ஹக். உரிய நேரத்தில் ஆம்புலன்ஸ் கிடைக்காமையால் தம் தாயை இழந்தவர் அவர். பின்னர் ஒருநாள் உடன் பணிபுரிந்தவர் மயங்கி விழுந்தபோது, அவரைத் தம் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைக்கு விரைந்தார். அன்று தொடங்கியது அவருடைய தொண்டு. சாலை வசதியற்ற சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கான நோயாளரைக் கட்டணம் பெறாமல் தம் வண்டியில் ஏற்றிச் சென்ற அவருக்கு 2017ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அவரிடம் இருந்தது விலையுயர்ந்த ஊர்தி அன்று. தாம் பட்ட துயரைப் பிறர் படலாகாது என்னும் எண்ணமே.

தூளியும் தூக்குப்படுக்கையும்

இருசக்கர வண்டியும் நின்றுவிடும் இடத்தில் மனிதனே ஊர்தியாகிறான். கல்வராயன் மலையிலும் சவ்வாது மலையிலும் சாலை எட்டாத ஊர்களில், போர்வையின் இரு முனைகளையும் வலிய மூங்கிற்கழியில் கட்டித் தூளியாக்கி, அதில் நோயாளரைக் கிடத்தித் தோள்மாற்றித் தூக்கி வருவது நெடுங்கால வழக்கம். கருவுற்ற பெண்டிரும் பாம்புக்கடிக்கு ஆளானோரும் இத்தூளியில் மலையிறங்கி உயிர் பிழைத்ததுண்டு. பிழையாததும் உண்டு. வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று பாம்பு தீண்டி, மருத்துவமனையை அடையும் முன்னரே உயிர் துறந்தது. குழந்தையின் உடலைக் கொண்டுவந்த ஊர்தி, வழியில்லாத இடத்தில் நின்றுவிட, பெற்ற தாயே அதனைக் கையில் ஏந்திக் கால்நடையாக மலையேறினாள். சக்கரம் நிற்கும் இடம் என்பது வெறும் பாதைச் சிக்கல் அன்று. சில குடும்பங்களுக்கு அது வாழ்நாள் முழுவதும் ஆறாத் துயரம்.

தூளியில் ஒரு குறையும் உண்டு. அதில் கிடப்பவரின் உடல் வளைந்துவிடும். முதுகெலும்போ காலெலும்போ முறிந்தவர்க்கு அவ்வளைவே தீங்காக முடியும். இங்கிலாந்து நாட்டின் மலையேறிகள் இதனை ஒரு துன்ப நிகழ்வால் உணர்ந்தனர். 1928ஆம் ஆண்டு லாடோ பாறைகள் என்னும் இடத்தில் ஏறியவர் ஒருவர் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். தகுந்த தூக்குப்படுக்கையும் வலிநீக்கும் மருந்தும் இல்லாமல் அவரை நெடுநேரம் சுமந்து இறக்கினர். இறுதியில் அவர் தம் காலை இழந்தார். அவருக்கு மருத்துவம் செய்த வில்சன் ஹே, காயத்தைக் காட்டிலும் அதன்பின் நேர்ந்த பயணமே மிகுந்த கேடு விளைத்தது என உணர்ந்தார். இந்நிகழ்வின் பயனாக மலையேறிகள் குழு அமைத்து ஆராய்ந்தனர். யூஸ்டஸ் தாமஸ் என்பவர், கற்களின்மேல் சறுக்கிச் செல்லும் அடிக்கட்டையும் தோளில் மாட்டும் வார்களும் கொண்ட தூக்குப்படுக்கையை வடிவமைத்தார். அவர் பெயராலேயே அது வழங்கிவருகிறது.

இன்றும் இங்கிலாந்திலும் வேல்சிலும் மலைமீட்புப் பணியைச் செய்வோர் ஊதியம் பெறாத தன்னார்வலரே. ஆசிரியரும் தச்சரும் உழவரும் கடைக்காரரும் அவர்களுள் அடங்குவர். அழைப்பு வந்ததும் தம் வேலையை விட்டுவிட்டு மலைநோக்கிப் புறப்படுகின்றனர். அவர்களுடைய கொட்டகையில் நிற்கும் நான்கு சக்கர விசை ஊர்தியில் கயிறு, விளக்கு, தூக்குப்படுக்கை, முதலுதவிப் பொருள்கள் ஆகியன எப்போதும் ஆயத்தமாக இருக்கும். அவ்வூர்தியின் பணி மலையுச்சியை அடைவதன்று. தன்னார்வலரைக் களைப்பின்றிப் பாதையின் தொடக்கத்தில் கொண்டு சேர்ப்பதே.

தெரிந்து தெளிவோம்

தூக்குப்படுக்கையில் ஒருவரைப் படிவழியே இறக்கும்போது கால்பகுதி முன்னே செல்ல வேண்டும். அப்போதுதான் தலை உயர்ந்திருக்கும். தலைமாட்டில் நிற்பவர் நோயாளரின் முகத்தையும் மூச்சையும் கவனித்துக்கொண்டே வர வேண்டும். ஒரே குழுவினர் நெடுந்தொலைவு சுமக்க இயலாது. ஆதலால், முறைமாற்றுவதற்கு மற்றொரு குழுவினர் உடன் வருவர். விழுந்து அடிபட்டவரைத் தகுந்த காரணமின்றித் தூக்கி நிறுத்துவதும் நடக்கச் செய்வதும் கூடா.

வானிலிருந்து வரும் உதவி

நிலத்தில் தடையென்றால் வானில் வரலாமே என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணத்திற்கு 1946ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சுவிட்சர்லாந்து நாட்டில் வழி பிறந்தது. அமெரிக்க விமானம் ஒன்று ஆல்ப்ஸ் மலையில் உள்ள கௌலி என்னும் பனியாற்றின்மேல் விழுந்தது. அதிலிருந்த பன்னிருவரும் உயிருடன் இருந்தனர். பனியில் ஓடும் ஊர்திகளை அமெரிக்கர்கள் இரயிலில் ஏற்றி அடிவாரம்வரை கொண்டுவந்தனர். அம்மலைச்சரிவில் அவற்றால் பயன் விளையவில்லை. சுவிட்சர்லாந்து வீரர்கள் பனியில் பல மணிநேரம் ஏறிச் சென்று அவர்களை முதலில் அடைந்தனர். மறுநாள், சக்கரங்களுக்குப் பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய இரண்டு சிறு விமானங்கள் பனியாற்றின்மேலேயே இறங்கி, அனைவரையும் சிலர் சிலராகக் கீழே கொண்டுவந்தன. மலைமீட்பில் வானூர்திக்கு இடம் உண்டு என்பதை உலகம் அன்று அறிந்தது. எனினும், வானூர்தி இறங்கும் முன்னரே மனிதக் கால்கள் அங்குச் சென்றிருந்தன என்பதையும் மறத்தலாகாது.

பின்னர் வந்த ஹெலிகாப்டர், ஓடுதளம் இன்றியே இறங்கும். ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்கும். வடத்தை இறக்கி மனிதரைத் தூக்கும். ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. அதனைத் தாங்கி நிற்பது காற்று. உயரம் செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறையும். வெப்பம் மிகுந்தாலும் குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் சுழலும் இறக்கைகளுக்குக் கிடைக்கும் ஏற்றுவிசையும் குறைவு. தூக்கக்கூடிய எடையும் குறைவு. பாறைச்சுவரை ஒட்டி வீசும் காற்று ஒரு கணம் மேலும் மறுகணம் கீழும் தள்ளும். இறக்கையின் முனை பாறையைத் தீண்டினால் மீட்க வந்தவரும் மடிய நேரும். இருளும் மூடுபனியும் புகையும் விமானியின் கண்ணை மறைக்கும்.

கேரளத்தின் மலம்புழைக்கு அருகே 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிகழ்ந்த மீட்பு இவ்வெல்லையைத் தெளிவாகக் காட்டியது. குறும்பாச்சி மலையில் ஏறிய இளைஞர் ஒருவர் கால் தவறி, செங்குத்தான பாறையின் இடுக்கு ஒன்றில் சிக்கிக்கொண்டார். உணவும் நீரும் இன்றி ஏறத்தாழ 45 மணிநேரம் அங்கேயே இருந்தார். கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வந்து முயன்றும் அவரை நெருங்க முடியவில்லை. நீலகிரி வெலிங்டனிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்த இராணுவ வீரர்கள் இரவோடு இரவாக மலையேறினர். உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கிய வீரர் அவருக்கு முதலில் கொடுத்தது ஒரு மிடறு நீர். பின்னர் அவரைத் தம்மோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள, மேலே நின்றவர்கள் இருவரையும் இழுத்தனர். உச்சியை அடைந்த பின்னர், சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து வந்த ஹெலிகாப்டர் அவரை ஏற்றிச் சென்றது. இயந்திரம் தோற்றது என்று இதற்குப் பொருளன்று. மனிதர் உச்சிவரை கொண்டு சேர்த்தனர்; இயந்திரம் அங்கிருந்து மருத்துவமனை நோக்கி விரைந்தது. அவரவர் பணியை அவரவர் செய்தனர்.

குரங்கணி கற்பித்த பாடம்

தமிழகத்தின் மலைகள் கண்ட பெருந்துயரங்களுள் ஒன்று, 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நிகழ்ந்தது. மலையேற்றம் சென்ற குழுவினரைக் காய்ந்த புல்வெளியில் பரவிய காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. உயிரிழந்தோர் இருபதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலோர் இளையோர்.

செய்தி அறிந்ததும் முதலில் மேலே ஓடியவர்கள் எந்தச் சீருடையும் அணியாதவர்கள். மலையடிவாரத்து ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளரும் பழங்குடியினரும், தீ அடங்காத சரிவில் ஏறித் தீக்காயம் பட்டோரைப் போர்வையில் கிடத்தித் தூக்கிவந்தனர். வனத்துறையினரும் தீயணைப்பு வீரரும் காவலரும் அவர்களோடு இணைந்தனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் சூலூரிலிருந்து விரைந்தன. எனினும் இருள் சூழ்ந்தபின் அம்மலைச்சரிவில் அவற்றால் முழுமையாகச் செயல்பட இயலவில்லை. இரவு முழுவதும் காயமுற்றோர்க்குக் கிடைத்த உதவி, கைவிளக்கைப் பற்றிக்கொண்டு வந்த மனிதரே. விடிந்தபின் ஹெலிகாப்டர்கள் மீண்டும் பணியைத் தொடர்ந்தன. அடிவாரத்தில் ஆம்புலன்ஸ்கள் காத்து நின்றன.

அம்மலைமக்களுக்குப் பாதை தெரிந்திருந்தது. எந்தச் சரிவில் கால் நிற்கும், எந்த ஓடையில் இறங்கலாம் என்பதும் தெரிந்திருந்தது. துணிவும் இரக்கமும் அவர்களிடம் குறைவின்றி இருந்தன. தீக்காயத்திற்கான முதலுதவிப் பயிற்சியும் தகுந்த தூக்குப்படுக்கையும் அவர்கள் கையில் முன்னரே இருந்திருந்தால், துன்பம் சிறிதேனும் குறைந்திருக்கும். அன்பு மட்டுமே உயிர்காக்கப் போதுமானதன்று. அன்பிற்கும் பயிற்சி வேண்டும்.

இவ்வுண்மையை அறிந்தே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016ஆம் ஆண்டு ‘ஆப்த மித்ரா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆபத்துக்கால நண்பன் என்பது அதன் பொருள். பேரிடருக்கு ஆட்படும் ஊர்களில் உள்ளோர்க்கே முதலுதவியும் தேடுதலும் மீட்டலும் கற்பித்து, அரசுப் படைகள் வந்து சேரும்வரை செயல்படத் தகுந்தவர்களாக்குவது அதன் நோக்கம். பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு இலட்சம் தன்னார்வலரைப் பயிற்றுவிக்கும் இலக்குடன் அஃது விரிவாக்கப்பட்டது.

பயிற்சி பெற்ற தன்னார்வலர் இருந்தால் ஹெலிகாப்டரின் பணியும் எளிதாகும். இறங்குவதற்குச் சமமான இடத்தைத் தேர்ந்து, பறக்கக்கூடிய துணி, குப்பை, தளர்ந்த கிளை ஆகியவற்றை அவர்கள் அகற்றிவைப்பர். காற்றடிக்கும் திசையைத் துணியைக் கட்டியோ புகையெழுப்பியோ விமானிக்கு உணர்த்துவர். விமானி கையசைத்து அழைக்கும்வரை ஒருவரும் நெருங்காமல் காப்பர். வால்பகுதியில் சுழலும் சிறு இறக்கை கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் சுழலும் என்பதால், பின்புறமாகச் செல்ல யாரையும் விடமாட்டார்கள். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள வானூர்தி தன் கடமையைச் செவ்வனே முடிப்பது, தரையில் நிற்கும் ஒருவரின் அறிவையும் பொறுத்திருக்கிறது.

மீண்டும் செஞ்சிக்கு

இராசகிரியின் அடிவாரத்தில் நின்று மேலே நோக்குவோர்க்கு இப்போது அம்மலை வேறுவிதமாகத் தோன்றக்கூடும். எந்த வளைவுவரை இருவர் இணைந்து நடக்கலாம், எந்தப் படியில் தூக்குப்படுக்கையைத் திருப்ப முடியும், இளைப்பாற நிழல் எங்குள்ளது, கைப்பேசி எவ்விடத்தில் இயங்கும் என்பனவற்றை நாள்தோறும் அம்மலையைக் காண்போரே அறிவர். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல் உடைப்போரும் உழவரும் ஆடு மேய்ப்போரும் கல்லூரி மாணவரும் உள்ளனர். அவர்களுள் இருபது பேர் ஒரு தூக்குப்படுக்கையையும் முதலுதவிப் பயிற்சியையும் பெற்றுவிட்டால், கருதிப் பார்த்த அம்முதியவர் அடிவாரத்தில் காத்திருக்கும் ஆம்புலன்ஸை உரிய நேரத்தில் அடைவார்.

மலையேறுவோர்க்கும் கடமை உண்டு. வெயில் ஏறும் முன்னர்த் தொடங்குதல், போதிய நீர் கொண்டு செல்லுதல், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் கூறிச் செல்லுதல், தனித்து ஏறாமை, உடன் வருவோருள் மெலிந்தவரின் நடைக்கேற்ப நடத்தல் ஆகியவற்றைக் கடைப்பிடித்தால், மீட்புக் குழுவினர் பலமுறை புறப்பட வேண்டிய தேவையே எழாது. ஒருவரை மீட்கப் பலர் தம் உயிரைப் பணயம் வைத்து மேலேறுகின்றனர் என்பதை நினைவிற்கொள்வதும் அறமே.

நாளை இன்னும் வலிய ஹெலிகாப்டர்கள் வரலாம். பாறையிடுக்கில் நுழைந்து பார்க்கும் ஆளில்லா வானூர்திகள் மருந்தையும் நீரையும் சுமந்து செல்லலாம். சக்கரம் நிற்கும் இடம் மேலும் சிறிது உயரத்திற்கு நகரலாம். எவ்வளவு நகர்ந்தாலும், துன்புற்றுக் கிடப்பவரின் அருகில் மண்டியிட்டு அமர்ந்து, நீர் கொடுத்து, “அஞ்ச வேண்டா, வந்துவிட்டோம்” என்று கூற ஒரு மனிதர் தேவைப்படுவார்.

இராசகிரியின் உச்சியில் அவ்வெடிப்பு இன்றும் அவ்வாறே உள்ளது. அந்நாளில் பாலத்தை அகற்றிவிட்டு, வருவோரைத் தடுக்கச் சிலர் அங்குக் காவல் நின்றனர். இந்நாளில் அதே பாலத்தின்மேல், துவண்ட உடல் ஒன்றைத் தாங்கிய தூக்குப்படுக்கையின் இருபுறமும் சிலர் கைகோத்து நிற்க வேண்டியிருக்கிறது. அவர்கள் வேறெங்கிருந்தோ வரப்போவதில்லை. அம்மலையின் நிழலில் வாழ்வோரிடையேதான் இருக்கின்றனர்.